பினாங்கில் உயிலும் வாரிசுரிமையும்

பினாங்குத் தீவின் பேர்பெற்ற முதல் உயில், அங்கே நீதிமன்றம் என்று ஒன்று ஏற்படும் முன்பே எழுதப்பட்டது. 1786இல் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாக்கிய பிரான்சிஸ் லைட், 1794 அக்டோபரில் இறந்தார். சஃபோக் என்ற தம் வீட்டையும் மிளகுத் தோட்டத்தையும் உடன் வாழ்ந்த மார்ட்டினா ரோசல்ஸுக்கு எழுதி வைத்திருந்தார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு, வணிகக் கூட்டாளி ஜேம்ஸ் ஸ்காட்டுக்கும் கல்கத்தா வணிகர் வில்லியம் ஃபேர்லிக்கும் தரப்பட்டது. எழுதிய சொத்து அந்த அம்மையாரிடம் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. கணக்குக் கேட்க நீதிமன்றம் இல்லாத ஊரில் உயில் வெறும் காகிதம்தான். 1801இல் நீதி வழங்க வந்த கல்கத்தா வழக்கறிஞர் ஜான் டிக்கன்ஸ், இயற்கை நியாயத்தைத் தவிர வேறு சட்டமே இங்கில்லை என்று மேலிடத்திடம் முறையிட்டார்.

இந்தக் குறை 1807 மார்ச் 25ஆம் நாளிட்ட அரச நீதிப் பட்டயத்தால் நீங்கியது. மறு ஆண்டு சர் எட்மண்ட் ஸ்டான்லி முதல் ரெக்கார்டராக, அதாவது நீதிபதியாக, பொறுப்பேற்று ஜார்ஜ்டவுனில் நீதிமன்றத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் உயில் விவகாரங்களைத் திருச்சபை நீதிமன்றங்கள் கவனித்து வந்தன. அந்த அதிகாரத்தைப் பினாங்கு நீதிமன்றத்துக்குக் கொடுத்த பட்டயம், குடிகளின் மதமும் வழக்கமும் இடந்தரும் அளவுக்கே அதைச் செலுத்த வேண்டும் என்றும் சொன்னது. அந்த அளவு எது என்பதுதான் பிறகு வந்த வழக்குகளின் சண்டை. 1800இல் கெடா சுல்தான் விட்டுக்கொடுத்த எதிர்க்கரையும் இந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வந்தது. புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்று பெயர் சூட்டப்பட்ட அந்தக் கரையின் வடபகுதியில், நெல்வயல்களுக்கு நடுவே இருக்கிறது கெப்பாலா பத்தாஸ்.

முதல் பெரிய தீர்ப்பு 1835இல் அப்துல்லா என்பவரின் சொத்து தொடர்பாக வந்தது. இஸ்லாமியச் சட்டப்படி ஒருவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வசிய்யத், அதாவது உயில், செய்ய முடியாது. ஆனால் பினாங்கில் நடப்பது ஆங்கிலச் சட்டம், ஆகவே முஸ்லிம் ஒருவர் முழுச் சொத்தையும் உயிலால் யாருக்கும் கொடுக்கலாம் என்று சர் பெஞ்சமின் மால்கின் தீர்ப்பளித்தார். சூலியா தெருவிலும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியும் வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களுக்கு இது சின்ன விஷயமல்ல. சோழமண்டலக் கரையில் அவர்களின் குடும்பங்கள் ஒரு முறையில் சொத்தைப் பிரித்துக்கொள்ள, இக்கரையில் இன்னொரு முறை செல்லுபடியானது. 1871இல் ஃபாத்திமா எதிர் லோகன் வழக்கிலும் இதே நிலைப்பாடுதான். இறந்தவர் பெயரில் ஆண்டுதோறும் கந்தூரி நடத்த எழுதி வைத்த ஏற்பாடு, ஆங்கிலச் சட்டம் ஏற்கும் தர்மம் ஆகாது என்று அதில் தள்ளப்பட்டது.

சீனக் குடும்பங்களுக்கும் இதே அடி விழுந்தது. ஓ இயோ நியோ என்ற பினாங்குச் சீமாட்டி, தமக்கும் கணவருக்கும் சடங்கு செய்ய ஒரு வீட்டை ஒதுக்கி, தோட்ட நிலத்தைக் குடும்ப இடுகாடாக என்றென்றும் விற்காமல் வைத்திருக்க வேண்டும் என்று உயில் எழுதினார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. முன்னோர் சடங்கு குடும்பத்தாருக்கு மட்டுமே பயன்படுவது, பொதுத் தர்மமல்ல. அதற்காகச் சொத்தை என்றென்றைக்கும் முடக்கிவைக்க முடியாது என்று 1875இல் தீர்ப்பு வந்தது. இறந்தவருக்காகக் கத்தோலிக்கர் பூசை வைக்க எழுதும் பணத்துக்கும் இங்கிலாந்தில் அப்போது இதே கதிதான் என்பதால், நீதிபதிகள் சீனரை மட்டும் ஒதுக்கினார்கள் என்று சொல்ல முடியாது. மனைவிமார் விஷயத்தில் மட்டும் நீதிமன்றம் இளகியது. உயில் எழுதாமல் இறந்த சீனரின் மனைவியர் அனைவரும் விதவைக்குரிய மூன்றில் ஒரு பங்கைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளலாம் என்ற விதியை, 1908இல் சிங்கப்பூரில் நடந்த ஆறு விதவைகள் வழக்கு உறுதிப்படுத்தியது.

இந்துத் தமிழர் கதை வேறு. தமிழ்நாட்டில் மிதாட்சரம் என்ற இந்துச் சட்ட முறையில் அமைந்த கூட்டுக்குடும்பம் சொத்தைத் தானே கடத்திக்கொடுத்தது. சென்னை நகரத்து இந்துக்களின் உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்ற விதியே 1870இன் இந்து உயில் சட்டத்தோடுதான் வந்தது. பினாங்கில் அந்தக் குடும்ப முறைக்குச் சட்டம் தனி இடம் தரவில்லை. பினாங்கு ஸ்திரீட்டில் லேவாதேவி நடத்திய நகரத்தார், முதலாளி காரைக்குடியில் இருக்க, ஏஜெண்டை அனுப்பிக் கணக்கு எழுதினார்கள். முதலாளி ஊரில் காலமானாலும் இக்கரை அடமானங்களையும் கடைவீடுகளையும் தொட இங்குள்ள நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. தோட்டத் தொழிலாளிக்கு நிலமும் இல்லை, உயிலும் இல்லை. அவர் குடும்பத்துக்குச் சட்டப்படி கைக்கு வந்த முதல் கணிசமான சொத்து, 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதிப் பணம்தான்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தால் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளைக் கவனிக்க வாரியம் வந்தது. உயில் எழுதாத முஸ்லிம்களின் சொத்தை இஸ்லாமியச் சட்டப்படியே பிரிக்க 1923இல் திருத்தம் செய்யப்பட்டது. பத்திரங்களை நம்பியே நடந்த பினாங்கு நில உரிமையும் 1966இல் பட்டாப் பதிவு முறைக்கு மாறத் தொடங்கியது. 1991 நவம்பர் முதல் மரணச் சொத்துவரி இல்லை.

இன்று மூன்று சட்டங்கள் முக்கியமானவை: 1958இன் பகிர்வுச் சட்டம், 1959இன் உயில் சட்டம், அதே ஆண்டின் புரோபேட் (உயில் மெய்ப்பிப்பு) சட்டம். முதல் இரண்டும் முஸ்லிம்களுக்குப் பொருந்தா. உயில் எழுதுபவர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும்; ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவர் கணவனுக்கோ மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. மகனையே சாட்சியாக அழைப்பது பல வீடுகளில் நடக்கும் தவறு. எழுதியபின் திருமணம் செய்தால், அந்தத் திருமணத்தை எதிர்நோக்கி எழுதியதாக இல்லாவிட்டால், பழைய உயில் ரத்தாகிவிடும். உயிலே இல்லையென்றால் சட்டம் கணக்குப் போடும்: பெற்றோர், துணை, பிள்ளைகள் மூவரும் இருந்தால் பெற்றோருக்குக் கால், துணைக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை. 1997 திருத்தத்துக்கு முன் மனைவி இறந்தால் எல்லாம் கணவனுக்கு. கணவன் இறந்து பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. இந்த ஓரவஞ்சனை அத்தனை காலம் நீடித்தது வியப்புக்குரியது.

கெப்பாலா பத்தாஸ் போன்ற ஊரில் பெரும்பாலான சொத்துகள் உயர் நீதிமன்றப் படி ஏறுவதில்லை. உயில் இல்லாத சிறு சொத்துகளை 1955இன் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி நில நிர்வாகியே விசாரிக்கிறார். மனுவோடு மரணச் சான்றிதழும் பட்டா நகலும் வாரிசுப் பட்டியலும் போக வேண்டும். விசாரணை நாளில் வாரிசுகள் வந்து நின்று சம்மதம் சொல்ல வேண்டும். தாத்தா பெயரிலேயே கிடக்கும் வயல் என்றால் இரண்டு தலைமுறை வாரிசுகளையும் தேடிப் பிடிக்க வேண்டும். காலம் போகப்போக ஒரே பட்டாவில் பெயர்கள் பெருகி, நிலத்தை விற்கவும் முடியாமல் பயிரிடவும் முடியாமல் போகும். இந்த வழியில் தீர்க்கக்கூடிய சொத்தின் உச்ச மதிப்பு 20 லட்சம் ரிங்கிட்டாக இருந்தது. 2024 ஜூலை 15 முதல் 50 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது.