மண் கூரைக்கு மறுபூச்சு



மழை அரிதாகப் பெய்யும் பாலை நிலத்தில் வீட்டுக் கூரையைப் பற்றி என்ன கவலை என்று நாம் நினைக்கலாம். நம் தோட்டங்களில் ஆண்டுக்கு 100 அங்குலம் வரை மழை கொட்டுகிறது. கூரை சரிவாக இருக்க வேண்டும், விழுந்த தண்ணீர் உடனே வழிந்தோட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாலை நிலத்து மக்களோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தட்டைக் கூரை போட்டு, அதையும் மண்ணாலேயே போட்டு, அதன் கீழ் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் பழுது பார்த்த கைகள்தாம் அந்தக் கூரைகளைக் காப்பாற்றின. அந்த வேலையின் வரலாற்றை இன்று காண்போம்.

மிகப் பழைய சான்றுகளில் ஒன்று துருக்கி நாட்டின் கோன்யா சமவெளியில் கிடைத்தது. சத்தால்ஹூயூக் என்னும் அந்த இடத்தை 1961ஆம் ஆண்டு முதல் ஜேம்ஸ் மெலார்ட் என்னும் ஆய்வாளர் தோண்டினார். ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மண் வீடுகள் வெளிப்பட்டன. வீட்டோடு வீடு ஒட்டி நிற்க, மக்கள் கூரைமேல் நடந்து போய், கூரையில் விட்டிருந்த திறப்பின் வழியாக ஏணியில் இறங்கினார்கள். நம் லயங்களும் ஒட்டித்தான் கட்டப்பட்டன; ஆனால் நமக்கு வாசற்படி என்று ஒன்று இருந்தது!

பாலஸ்தீனம், சிரியா, துருக்கி முதலிய நாடுகளின் கிராமங்களில் மண் கூரையின்மேல் ஓர் உருளைக் கல் கிடக்கும். மழை விட்டதும் வீட்டுக்காரர் மேலே ஏறி அதைக் கூரை முழுவதும் உருட்டுவார். நனைந்த களிமண் காயும்போது வெடிக்கும். முற்றும் காய்வதற்குள் உருட்டிவிட்டால் மண் இறுகி, வெடிப்பு மூடிக்கொள்ளும். முளைத்த புல்லும் நசுங்கிப் போகும். சாலை போடும் உருளை இயந்திரம் செய்வதும் இதே வேலைதான். பழங்காலத்துக் கல்லுருளைகளை ஆய்வாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள்; இருபதாம் நூற்றாண்டுக் கிராமங்களிலும் அவை பயன்பட்டன. கிறிஸ்தவ நேயர்கள் மாற்கு சுவிசேஷத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூரலாம். திமிர்வாதக்காரன் ஒருவனை இயேசுவிடம் கொண்டுபோகக் கூட்டம் இடங்கொடுக்காததால், கூரையைப் பிரித்து அவனைக் கட்டிலோடு உள்ளே இறக்கினார்கள். மண் கூரையாக இருந்ததால் அது இயன்றது. மறுநாள் அந்த வீட்டுக்காரர் கூரையை அடைக்க என்ன பாடுபட்டாரோ, அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இனி அமெரிக்காவின் தென்மேற்கே உள்ள நியூ மெக்சிகோ மாநிலத்துக்குப் போவோம். அங்கே தாவோஸ் என்னும் இடத்தில், கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், புவெப்லோ பழங்குடி மக்களின் ஊர் ஒன்று இருக்கிறது. ஓடையின் இரு கரைகளிலும் படிப்படியாக உயரும் அடுக்கு வீடுகள். ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டுக்கு முற்றம். 1540ஆம் ஆண்டு ஸ்பானியப் படையினர் முதன்முதலாக அந்தப் பக்கம் வந்தபோதே இத்தகைய வீடுகள் அங்கு நின்றன. முன்னாளில் தரைத்தளத்தில் கதவு கிடையாது. ஏணி வைத்துக் கூரைக்கு ஏறி, அங்கிருந்து உள்ளே இறங்க வேண்டும். பகைவர் வந்தால் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்கள். சோளத்தைக் காய வைப்பதும், திருவிழா ஆட்டத்தைப் பார்ப்பதும் கூரைமேல்தான். அப்படிப்பட்ட கூரை ஒழுகினால் மேல் வீட்டார், கீழ் வீட்டார் இருவருக்குமே தொல்லை.

அந்தக் கூரையை எப்படிப் போட்டார்கள் என்று தெரிந்தால்தான் பழுது பார்க்கும் முறையும் விளங்கும். மலையிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த மரங்களைப் பட்டை உரித்து, சுவருக்குச் சுவர் உத்திரமாக வைப்பார்கள். இந்த உத்திரத்தை ஸ்பானிய மொழியில் வீகா என்பர். அதன்மேல் மெல்லிய கழிகளை நெருக்கமாக அடுக்கி, புல்லும் குச்சியுமாகப் பரப்பி, அதற்கும் மேலே மண்ணைக் கொட்டி மிதித்து இறுக்குவார்கள். தட்டைக் கூரை என்று பெயரே தவிர, அது முழுத் தட்டை அன்று. கண்ணுக்குத் தெரியாத சிறு சரிவு இருக்கும். அந்தச் சரிவின் முடிவில் கைப்பிடிச் சுவரைத் துளைத்து ஒரு மரத்தூம்பு நீட்டியிருக்கும். தண்ணீர் சுவரில் படாமல் தள்ளி விழவேண்டும் என்பதற்காகவே அந்த நீளம்.

அங்கே ஆண்டு மழை ஏறக்குறைய 12 அங்குலந்தான். களிமண்ணின் மேற்பரப்பு முதல் தூறலை உறிஞ்சி உப்பித் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். பிறகு வெயில் ஈரத்தை இழுத்துவிடும். சிறு மழைக்கு இது போதும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இடியோடு பெய்யும் பெருமழைக்குத் தூம்பு திறந்திருக்க வேண்டும். இலையோ, மண்கட்டியோ, குளிர்காலத்தில் பனிக்கட்டியோ அதை அடைத்துவிட்டால் கூரை குளமாகும். உறைபனியோ மழையைவிடப் பொல்லாதது. மழை வழிந்துவிடும், பனி கூரையிலேயே தங்கி, நாள்கணக்கில் உருகி உருகி உள்ளே இறங்கும். ஆகவே பனி விழுந்த காலையில் கூரைமேல் ஏறித் தள்ளிவிடுவது குடும்பத்தின் முதல் வேலை.

வெடிப்புகளை வைக்கோல் கலந்த மண்ணால் அடைப்பது பருவந்தோறும் நடக்கும். வைக்கோல் எதற்கு என்று கேட்கலாம். மண் காயும்போது பெரிய வெடிப்பு ஒன்று விடாமல், இழுவிசையைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதுதான். உத்திரம் ஏற்றுவது ஆடவர் வேலையாகவும், சுவருக்கு மண் பூசுவது பெண்களின் கைத்திறனாகவும் நெடுங்காலம் இருந்து வந்தது. ஸ்பானியக் கிராமங்களில் பூச்சு வேலையில் தேர்ந்த பெண்களை என்ஹர்ரதோரா என்று அழைத்தார்கள். எந்த மேட்டு மண் வெடிக்காது, எத்தனை கூடைக்கு எத்தனை பிடி வைக்கோல் என்பதெல்லாம் அவர்கள் விரல் நுனியில் இருந்தன.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். பிள்ளைகள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். ஓர் அடி கனமுள்ள மண், ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 100 ராத்தல் எடை இருக்கும். 15 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள அறைக்கு 150 சதுர அடி. ஆக 15,000 ராத்தல். ஏழு டன்னுக்குச் சற்றுக் குறைவு. நனைந்தால் இன்னும் கூடும். இத்தனையையும் சில மரங்கள் தாங்குகின்றன. ஒழுகும் இடத்தில் மேலே இரண்டு கூடை மண் போடுவது எளிது. ஆண்டுக்கு இரண்டு கூடையாகப் போட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும்? உத்திரம் நடுவில் தொய்யும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் இறங்கி உத்திரத்தை இற்றுப்போகச் செய்யும். குறிப்பாகச் சுவருக்குள் புதைந்திருக்கும் முனை முதலில் உளுத்துவிடும். அதை வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது. எனவே பழைய மண்ணை அள்ளிக் கீழே இறக்கி, மரத்தைச் சோதித்து, பிறகே புதிய மண் ஏற்றுவது நல்ல முறை. சோம்பல் கூரைக்கும் பாரம், வீட்டுக்கும் பாரம்!

அமெரிக்கப் படை 1851ஆம் ஆண்டு அதே மாநிலத்தில் யூனியன் கோட்டையை அமைத்தது. பின்னர் 1860களில் சுடாத மண்கல்லால் பெரிய கட்டடங்களை எழுப்பித் தகரக் கூரை போட்டார்கள். 1891ல் படை வெளியேறியது. கேட்பாரற்றுக் கிடந்த கட்டடங்களிலிருந்து அக்கம்பக்கத்தார் தகரத்தையும் மரத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். கூரை போனதும் சுவர் மழையில் கரையத் தொடங்கியது. இன்று அங்கே நிற்பவை மொட்டைச் சுவர்களே. அவற்றையும் பணியாளர்கள் ஆண்டுதோறும் மண் பூசித்தான் காத்து வருகிறார்கள்.

1879, 1880ஆம் ஆண்டுகளில் இருப்புப்பாதை நியூ மெக்சிகோவை எட்டியது. அதனோடு நெளிதகரம் வந்து சேர்ந்தது. பனி மிகுந்த மலைக் கிராமத்தார் பலர் பழைய மண் கூரையின்மேலேயே சரிவான தகரக் கூரையை எழுப்பிக்கொண்டார்கள். இதில் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பனி தள்ளிச் சலித்த முதுகுக்கு அது பெரிய ஆறுதல். தகரத்தின் கீழே வெயிலில் வேகுவது எப்படி என்று நமக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்குக் கீழே மண் கூரை அப்படியே இருந்ததால் சூடு தடுக்கப்பட்டது.

கெடுதி சிமெண்டால் வந்தது. தாவோசுக்கு அருகே ராஞ்சோஸ் என்னும் ஊரில், 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட புனித பிரான்சிஸ் தேவாலயம் உள்ளது. மண்கல் சுவர், தட்டைக் கூரை. ஓவியர் ஜார்ஜியா ஓ கீஃப் அதைப் பலமுறை தீட்டியிருக்கிறார். ஆண்டுதோறும் பூசும் வேலை மிச்சமாகட்டும் என்று 1967ஆம் ஆண்டு அதற்குக் கெட்டியான சிமெண்டுப் பூச்சு பூசினார்கள். பார்வைக்கு உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் மண்ணும் சிமெண்டும் சூட்டிலும் குளிரிலும் ஒரே அளவாக விரிந்து சுருங்குவதில்லை. மயிரிழை வெடிப்புகள் தோன்றின. அவற்றின் வழியே நீர் புகுந்தது. மண் பூச்சாக இருந்திருந்தால் ஈரம் ஆவியாகி வெளியேறியிருக்கும். சிமெண்டுக்குப் பின்னால் அதற்கு வழியில்லை. சில ஆண்டுகளில் உள்ளே மண்கல் சேறாகிக்கொண்டிருப்பது தெரிய வந்தது. 1979ல் சிமெண்டை உடைத்தெடுத்துவிட்டு, ஊரார் மீண்டும் மண்ணுக்கே திரும்பினார்கள். மண் கூரைமேல் தார்த்தாள் ஒட்டிய வீடுகளிலும் இதே தொல்லை உண்டு. தார் வெயிலில் வெடித்து ஓரிடத்தில் நீர் புகும். மண்ணுக்குள்ளே ஊர்ந்து வேறோரிடத்தில் சொட்டும். சொட்டும் இடத்துக்கு நேர்மேலே அடைத்துப் பயனில்லை.

தாவோஸ் புவெப்லோவை 1992ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பழைய வீடுகளுக்குள் இன்றும் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லை. அது அவர்கள் மரபு. ஆகவே பெரும்பாலான குடும்பங்கள் மதிலுக்கு வெளியே புது வீடுகளில் குடியிருந்து, திருவிழாக் காலங்களில் பழைய வீட்டுக்கு வருகின்றன. ஆள் இல்லாத வீட்டில் பனி தள்ளுவது யார், தூம்பைத் திறந்துவிடுவது யார் என்பதே இன்று அவர்கள் முன் நிற்கும் கேள்வி.

ராஞ்சோஸ் ஊராரோ ஆண்டுதோறும் ஜூன் மாதம் கூடுகிறார்கள். மண்ணைச் சலித்து, வைக்கோல் கலந்து, குழைத்து, தொட்டி தொட்டியாக ஏணியில் ஏற்றுகிறார்கள். குழைக்கும் வேலையில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.