ஏரியான் 501: பதிவாகாத அனுமானமும் மென்பொருள் தரமும்

1. ஆய்வுப் பொருள்

மென்பொருளின் தரத்தைப் பிழைகளை எண்ணி அளப்பதே வழக்கம். அது போதாது. நிரல் எழுதுகையில் கொண்ட அனுமானம் எங்கே பதிவானது, சூழல் மாறியபோது அதை மறுபடி ஆராய்ந்தவர் யார் என்ற இரண்டு கேள்விகளே உருவாக்க நடைமுறையின் வலிமையைக் காட்டும். ஐரோப்பிய விண்வெளித் துறையின் ஒரு விபத்து இதற்குத் தெளிவான சான்று.

2. நிகழ்வு

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது; ஏரியான் 501 என்பது அந்தப் பயணத்தின் பெயர். ஏறத்தாழ 40 விநாடிகளில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், பாதை விலகி உடைந்து வெடித்தது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அழிந்தன.

3. காரணம்

3.1 ராக்கெட்டின் நிலையையும் அசைவையும் அளக்கும் கருவியின் மென்பொருள் முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-க்காக எழுதப்பட்டது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் எண்ணை அது 16 பிட் முழு எண்ணாக மாற்றியது. அதில் அடங்கும் உச்ச மதிப்பு 32,767. புதிய ராக்கெட்டின் கிடைவேகம் தொடக்கத்திலேயே மிக அதிகம். எண் எல்லை மீறியது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள்தான். இரண்டும் ஒரே காரணத்தால் நின்றன. கருவி அனுப்பிய பழுதுக் குறிப்பைப் பறப்புத் தரவென்று எடுத்துக்கொண்ட ராக்கெட்டின் கணினி, எஞ்சின் முனைகளை முழுவதுமாகத் திருப்பியது.

3.2 இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்குவது தவறு. இப்படி எல்லை மீறும் ஆபத்துள்ள ஏழு மாறிகளில் நான்குக்குக் காப்பு இருந்தது. செயலியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் மூன்று விடப்பட்டன. அவற்றின் மதிப்பு எல்லைக்குள்ளேயே நிற்கும் என்று முன்பே ஆராய்ந்திருந்தார்கள். பழைய ராக்கெட்டுக்கு அந்த முடிவு சரி. ஆனால் அதற்கான நியாயம் மூலநிரலில் குறிக்கப்படவில்லை. ஏரியான் 5-இன் பாதைத் தரவு கருவியின் தேவை ஆவணத்திலும் சேர்க்கப்படவில்லை. எல்லாவற்றையும் விட வருத்தம் தருவது, எண்ணை மாற்றிய அந்தச் செயல்பாடு ராக்கெட் எழும்பிய பின் ஏரியான் 5-க்குத் தேவையே இல்லை என்பது. ஏரியான் 4-இல் எண்ணிறக்கம் கடைசி நொடியில் நின்றால் விரைவில் மீண்டும் தொடங்க உதவும் என்று வைத்தது, அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

4. நடைமுறை

இத்தகைய பிழைகளைத் தடுக்கும் நடைமுறைகள் அதற்கு முன்பே இருந்தன. 1976-இல் ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் நிரலை முறைப்படி கூடிப் படித்துப் பிழை காணும் ஆய்வுமுறையை வெளியிட்டார். பின்னர் வாட்ஸ் ஹம்ஃப்ரி, நிறுவனங்களின் முதிர்ச்சியை ஐந்து நிலைகளாக வகுக்கும் முறைக்கு அடித்தளமிட்டார். இரண்டும் பெரும் பங்களிப்புகள். ஆயினும் ஆய்வுக் கூட்டத்துக்கு வராத அனுமானத்தை எந்தக் கூட்டமும் பிடிக்காது.

சோதனையிலும் இதே இடைவெளிதான். ஏரியான் 5-இன் முழு அமைப்பின் சோதனைகளில் அசல் கருவிக்குப் பதில் அதன் போலி மாதிரியே இயங்கியது. விபத்துக்குப் பின், உண்மைப் பாதைத் தரவோடு அந்த மென்பொருளை இயக்கியபோது அதே தொடர் தோல்வி அப்படியே நிகழ்ந்தது.

ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் விபத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு, நியாய ஆவணங்களுக்கும் நிரலுக்கு இணையான கவனம் தரச் சொன்னது. நடைமுறையில் இதன் பொருள்: மறுபயன்பாட்டுக்கு வரும் ஒவ்வொரு கூறும் தன் அனுமானப் பட்டியலோடு வர வேண்டும், புதிய சூழலின் எண்களை அதனோடு ஒப்பிட்டு ஒருவர் கையெழுத்திடும்வரை அதை இணைக்கக் கூடாது.