உருவத்தை நம்பாதவர்கள்

எட்கர் தர்ஸ்டன் என்றால் நம்மவர்களுக்கு ஏழு தொகுதிகள்தான் நினைவுக்கு வரும். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி, கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் அவர் வெளியிட்டவை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885-ல் வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். ஆட்களை நிற்கவைத்து, காலிப்பரால் மூக்கின் நீள அகலத்தை அளந்தார். அதே மனிதர் கடற்பஞ்சும் சேகரித்தார் என்பதை, செங்கல்பட்டில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராகக் காலம் தள்ளிய என்னைப் போன்றவர்கள்தான் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

அவர் அனுப்பிய பஞ்சுகள் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றைப் பிரித்துப் பார்த்த ஆர்தர் டெண்டிக்கு அப்போது 22 வயது. 1887-ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘மெட்ராஸின் பஞ்சு விலங்குகள்’ என்பதுதான். இரண்டே ஆண்டில் அடுத்த அறிக்கை வந்தது. அதன் தலைப்பு, மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த ‘இரண்டாவது’ திரட்டு என்கிறது. அப்படியானால் ‘மெட்ராஸ்’ என்று தலைப்பிட்ட முதல் திரட்டும் அங்கிருந்து வந்தது என்றாகிறது. லண்டனிலிருந்து பார்த்தால் மெட்ராஸ் ஒரு ஊர் அல்ல, ஒரு மாகாணம்.

முதல் கட்டுரையில் டெண்டி பெயர் வைத்த இனங்களில் ஒன்று சுபெரைட்டிஸ் இன்கான்ஸ்டன்ஸ். ஒரு மாதிரி விரல்விரலாக நிமிர்ந்திருந்தது. ஒன்று உருண்டை. இன்னொன்று மடிப்புமடிப்பாக வளைந்து கிடந்தது. மூன்றையும் மேசைமேல் வைத்தால் எந்த மாணவனும் மூன்று இனம் என்றுதான் எழுதுவான். டெண்டி ஒன்று என்றார். மூன்று வடிவங்களையும் அந்த ஒரே இனத்தின் உள்வகைகளாக வைத்தார்.

அந்தத் துணிச்சல் உள்ளே இருக்கும் முள்ளைப் பார்த்து வந்தது. பஞ்சுக்கு எலும்பு இல்லை. கண்ணுக்குத் தெரியாத முட்கள்தான் அதன் உடம்பைத் தாங்குகின்றன. பெரும்பாலான பஞ்சுகளில் அவை சிலிக்காவால் ஆனவை. நகக்கண் அளவு ஒரு துண்டைச் சோதனைக்குழாயில் போட்டு, நைட்ரிக் அமிலம் ஊற்றிச் சூடாக்குவோம். பழுப்புப் புகை கிளம்பும். ஜன்னலைத் திறக்காவிட்டால் இருமியே சாக வேண்டியதுதான். சதையெல்லாம் கரைந்து அடியில் வெள்ளையாக ஏதோ தங்கும். அதைத் தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் பலமுறை கழுவி, ஸ்லைடில் உலர்த்தி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் தெரியும்: தலை திரண்ட குண்டூசிகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

ஆனால் அந்த முள் மட்டும் போதாது என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். இன்கான்ஸ்டன்ஸின் உள்ளே சுருள்வடிவ நுண்முட்களும் உண்டு. சுபெரைட்டிஸ் பேரினத்தில் அவை கிடையாது. ஆகவே அது ஸ்பைராஸ்ட்ரெல்லா ஆனது, பிறகு ஸ்பேசியோஸ்பாஞ்சியா. இப்போது அதன் குடும்பம் கிளையோனிடே, அதாவது சிப்பியையும் பவளத்தையும் துளைக்கும் பஞ்சுகளின் குடும்பம்.

பஞ்சின் வெளியுருவத்தை நீரோட்டமும் மணலும் அலையும் தீர்மானிக்கின்றன. ஒரே இனம் அலை அடிக்கும் பாறையில் படர்ந்தும், அமைதியான நீரில் கிளைவிட்டும் வளரும். தன் பஞ்சுகளில் ஒன்று மூன்று உருவத்தில் வந்ததைப் பார்த்த பிறகும் தர்ஸ்டன் எப்படி மூக்கை அளந்து மனிதர்களைத் தரம்பிரிக்கப் போனார் என்று யோசித்திருக்கிறேன். பஞ்சுக்குச் செய்த வகைப்பாட்டை அடுத்த தலைமுறை தயங்காமல் மாற்றி எழுதியது. மனிதர்களுக்குச் செய்தது அத்தனை எளிதில் கலைந்துவிடவில்லை.

பஞ்சு ஒரு விலங்கு என்பதே வெகுகாலம் சந்தேகத்தில் இருந்தது. ராபர்ட் கிராண்ட் 1820-களில் அதன் துளைகள் வழியே நீர் ஓடுவதைக் காட்டினார். இன்று உலகில் பெயரிடப்பட்டவை 9,000-க்கு மேல், நான்கு வகுப்புகளில். அவற்றில் நான்காவது வகுப்பு தனியாகப் பிரிந்தது 2012-ல்தான்.

நம் பக்கத்தில் வேலை முழுக்க மன்னாருக்கே போனது. முத்துப்படுகைகளை ஆராய 1902-ல் இலங்கைக்கு வந்த ஹெர்ட்மன் திரட்டிய பஞ்சுகளையும் டெண்டியே 1905-ல் எழுதினார். குருசடைத் தீவின் பஞ்சுகளை 1937-ல் மாரிஸ் பர்ட்டன் எழுதினார். பிறகு மண்டபத்தில் பி.ஏ. தாமஸ். பவளப் பாறையும் ஆழமில்லாத தெளிந்த நீரும் அங்கே உண்டு. இங்கே கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை மணல், அலை, ஐப்பசி கார்த்திகையில் கலங்கிய தண்ணீர், ஆங்காங்கே கொஞ்சம் பார், அதாவது கடலடிப் பாறை.

அந்தப் பாரில்தான் எங்களுக்குச் சரக்கு. சிங்கி இறால் வலையைக் கொக்கிலமேட்டுக்காரர்கள் கரையில் உதறும்போது ஆரஞ்சும் கறுப்புமாகத் துண்டுகள் விழும். “வாத்தியாரே, வெறுங்கையில தொடாதீங்க, அரிக்கும். நாளைக்குள்ள நாத்தம் தாங்காது” என்பார்கள். அரிப்பதும் அதே முட்கள்தான்.

கல்பாக்கம் அணுமின் நிலையம் 1983-ல் இயங்கத் தொடங்கியபின், குளிர்விக்க எடுக்கும் கடல்நீரோடு வந்து ஒட்டும் உயிர்களை ஆராய அங்குள்ளவர்கள் பலகைகளைக் கடலில் தொங்கவிட்டார்கள். கதாநாயகர்கள் பச்சை ஆழியும் கொட்டலசும். பஞ்சுக்குச் சில்லறை வேடம். மாமல்லபுரத்துக் கடற்கோயிலுக்கு எதிரே 2002-ல் தேசியக் கடலியல் நிறுவனத்தார் மூழ்கி, ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில் கட்டுமானக் கற்களைக் கண்டார்கள். கல்லின்மேல் ஒட்டியிருந்தவை அறிக்கையில் ஒரே வரி: கொட்டலசு, ஆழி, மற்ற உயிரிகள். பல்லவர் கல்லா என்று தேடிப் போனவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ‘மற்ற’வுக்குள் ஒரு குழாய் நைட்ரிக் அமிலம் காட்ட எனக்குக் கை துறுதுறுத்தது.

மாமல்லபுரத்துச் சங்குக் கடைகளில் ஊசித்துளை விழுந்த ஓட்டை ஓரமாகத் தள்ளி வைப்பார்கள். பெரும்பாலும் அது கிளையோனாவின் வேலை. சுண்ணாம்பை ரசாயனத்தால் அரித்து, துகள்துகளாகப் பெயர்த்து, ஓட்டுக்குள்ளேயே குடியிருந்த பஞ்சு. இன்கான்ஸ்டன்ஸின் உறவுக்காரன்.

2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பஞ்சுகளைச் சேர்த்தபோது, சுண்ணாம்பு முள் கொண்ட வகுப்பை மட்டும் சேர்த்தார்கள். உறவுக்காரர்கள் இருவரும் சிலிக்காக்காரர்கள், வெளியே நின்றுவிட்டார்கள். கரையில் ஒதுங்கிய பஞ்சு எந்த வகுப்பு என்று வனக்காவலருக்குச் சந்தேகம் வந்தால், ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் வழக்குப் போடலாம்.