ஹ்ரொமாதா: நிலமா, மக்களா?

உக்ரைனில் உள்ளாட்சியின் அடிப்படை அலகுக்கு 'ஹ்ரொமாதா' என்று பெயர். 2020-இல் நாடு 1,469 ஹ்ரொமாதாக்களாக வகுக்கப்பட்டது. வரைபடத்தில் பார்ப்பவர் அதை நிலப்பரப்பின் பெயர் என்றே எடுத்துக்கொள்வார். ஆனால் இச்சொல்லுக்குள் நிலம் பிந்தித்தான் வந்தது. கூடிய மக்கள் முந்தியவர்கள் என்பதே என் வாதம். இதன் உறவுச்சொல் செக் மொழியில் கல்லோ மண்ணோ கிடக்கும் குவியலைக் குறிக்கிறது. பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்துக்கும் அங்கே அதே சொல்தான். ரஷ்ய மொழியில் மலைபோல் நிற்கும் பெரும்பொருள்; ஸ்லொவேனிய மொழியில் மனிதரை எரிக்க அடுக்கிய விறகுச்சிதையும்கூட. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதிரளுதல். மொழியியலாளர்கள் இதனோடு சேர்த்து எண்ணும் சமஸ்கிருதச் சொல் 'கிராம'. நாம் அன்றாடம் சொல்லும் கிராமத்தின் மூலம் அதுவே. வேதகாலத்தில் அது இடம்பெயரும் கூட்டத்தையும் சுட்டியது. அத்தகைய கூட்டங்கள் எதிர்ப்பட்டதிலிருந்தே போரைக் குறிக்கும் 'சங்கிராமம்' பிறந்தது என்பர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீவ் நகரத்து உக்ரேனிய அறிவாளர்கள் தம் குழுவுக்கு ஹ்ரொமாதா என்றே பெயரிட்டார்கள். அதற்கு எல்லைக்கல் ஏதும் இல்லை. 1876-இல் ஸார் இரண்டாம் அலெக்சாண்டரின் எம்ஸ் ஆணை உக்ரேனிய மொழி அச்சுக்கு ஏறக்குறைய முற்றுப்புள்ளி வைத்தது. நாட்டைவிட்டு வெளியேறியிருந்த மிகைலோ திராஹொமானவ் 1878 முதல் ஜெனீவாவில் அதே பெயரில் இதழ் கொண்டுவந்தார். அந்நிய மண்ணிலும் அப்பெயர் பொருந்தியது, அது மண்ணின் பெயராக இல்லாததால்தான். போலந்து ஆட்சியிலிருந்த மேற்கு பெலரூஸில் 1925-இல் உருவான விவசாயிகள், தொழிலாளர்கள் ஹ்ரமாதா இரண்டே ஆண்டுகளில் ஒரு லட்சம் உறுப்பினரைத் தாண்டியது. 1927-இல் அரசு அதைத் தடைசெய்தது.

போலந்தே இவ்வாதத்துக்கு மறுப்பு இல்லையா என்று கேட்கலாம். 1954-இல் அங்கே 8,000-க்கும் மேற்பட்ட 'குரொமாதா'க்கள் மேலிருந்து வரையப்பட்டன. அது நிர்வாக முத்திரை மட்டுமே. உண்மைதான். ஆனால் 1973 பிறந்தபோது அரசு அந்த அலகை ஒரே அடியாக நீக்கிவிட முடிந்ததும் அதனால்தான். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: ஸார் காலத்துக் கிராமச் சமூகம் சுதந்திரக் கூட்டமல்ல, வரி வசூலுக்கான கூட்டுப்பொறுப்பு; தன் பங்கைத் தீர்க்காத விவசாயியை அது எளிதில் வெளியேற விடவில்லை. இதை மறுக்க மாட்டேன். மக்கள் கூடுவது என்றாலே விடுதலை என்று நான் சொல்லவில்லை. கட்டிப்போட்டதும் நிலக்கோடு அல்ல, ஒன்றாகப் பிணைக்கப்பட்ட மனிதர்களே என்கிறேன். 1996-ஆம் ஆண்டு உக்ரைன் அரசியலமைப்பின் 140-ஆவது பிரிவும் ஹ்ரொமாதாவை ஓர் ஊரின் குடியிருப்போர் என்றும், பல ஊரார் விரும்பி இணைந்த சமூகம் என்றுமே விளக்குகிறது. 2015-இன் சட்டம் அந்த விருப்பத்துக்கு வழி திறந்தது. 2020-க்குள் இணையாத ஊர்களுக்கோ எல்லையைக் கீவ் அரசே வகுத்துக் கொடுத்தது.