கீலில் விழும் சுமை: ரேடியோ சாகச விமானங்களில் கட்டுப்பாட்டுப் பரப்பும் சர்வோவும்

மாதிரி விமானச் சாகசத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விமானிகளையும் வெற்றிகளையும் அடுக்கிச் செல்வர். ஏலரான், எலிவேட்டர், ரடர் ஆகிய கட்டுப்பாட்டுப் பரப்புகளின் அளவை முன்வைத்துப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. அவற்றை அசைக்கும் கருவிக்கு எவ்வளவு இயலுமோ, அதுவே அந்தந்தக் காலத்தில் அவற்றின் அளவையும் அசைவையும் தீர்மானித்தது.

1937இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் வால்டர், வில்லியம் குட் சகோதரர்கள் ‘கஃப்’ என்ற ரேடியோ விமானத்தைப் பறக்கவிட்டனர். அந்தத் தலைமுறையில் பரவிய கருவி எஸ்கேப்மென்ட். முறுக்கிய ரப்பர் இழைதான் அதன் விசை. சைகை வந்ததும் மின்காந்தம் கொக்கியை விடுவிக்க, ரடர் முழுதாக ஒரு பக்கம் திரும்பும். சைகை நின்றால் நடுவுக்கு வரும். பாதி விலகல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ரப்பரின் வலுவும் சொற்பம். ஆகவே ரடர் சிறியதாகவே இருந்தது.

அடுத்து வந்தது ரீட் முறை. ஹார்மோனியத்தின் ரீடுகள் போல ஏற்பியில் உலோக நாக்குகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு தொனிக்கு மட்டும் அதிரும். இப்போது பரப்பை அசைக்க மோட்டார் வைத்த சர்வோ உண்டு, ஆனால் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது கடைசிவரை ஓடிவிடும். சிறு திருத்தம் வேண்டுமென்றால் விமானி பொத்தானை விட்டு விட்டுத் தட்ட வேண்டும். 1960இல் சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் நடந்த உலகப் போட்டியில் எட் காஸ்மிர்ஸ்கி தம் ‘ஓரியன்’ விமானத்தோடு வென்றது இம்முறையில்தான். ஒவ்வொரு தட்டலும் முழு விலகலை நோக்கியே ஓடுவதால், அந்த முழு விலகலையே அடக்கமாக வைக்க வேண்டியிருந்தது. இங்கே தடையாக நின்றது விசைக் குறைவன்று, விரலின் நுட்பம்.

ஸ்டிக் நகரும் அளவுக்கே பரப்பும் நகரும் விகிதக் கட்டுப்பாடு இத்தடையை உடைத்தது. 1960களின் முற்பகுதியில் டக் ஸ்ப்ரெங், டான் மேதர்ஸ் போன்றோர் உருவாக்கிய டிஜிட்டல் முறையில், ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிநொடி வரையான துடிப்பின் நீளமே சர்வோவின் நிலையைச் சொல்கிறது, 1.5 என்றால் நடு. சர்வோவுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தன் நிலையைத் திருப்பிச் சொல்லும். 1967இல் கோர்சிகாவில் ஃபில் கிராஃப்ட் ‘க்விக்-ஃப்ளை III’ விமானத்தோடு உலகப் பட்டம் வென்றபோது இந்த முறை வேரூன்றிவிட்டது. பெரிய விலகலைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு சிறிதளவு மட்டும் பயன்படுத்தலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. மிகப் பெரிய விலகல்களைக் கொண்டு ஆடும் பின்னாளைய த்ரீடி பறத்தலைத்தான் பலர் பெரும்புரட்சி என்கிறார்கள். என் கணிப்பில் உண்மையான திருப்பம் இதுவே.

1974இல் லாஸ் வேகாஸில் பில் பென்னட் தொடங்கிய ‘டூர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ்’ காலப்போக்கில் ராட்சத விமானங்களின் களமாயிற்று. அங்கிருந்து சிக்கல் விசைக்கு மாறியது. பரப்பின் அகலம் இருமடங்கானால் அதன் பரப்பளவும், காற்றழுத்தம் கீலிலிருந்து விழும் தூரமும் இருமடங்காகும். கீலில் விழும் முறுக்குவிசை நான்கு மடங்கு. வேகம் இருமடங்கானாலும் அப்படியே. பழைய சாதாரண சர்வோ தரும் 3 கிலோ-செ.மீ. இதற்கு எம்மாத்திரம்?

வலுவான சர்வோ மட்டும் போதாது. இணைப்பின் வடிவியல்தான் பாதி வேலை. 30 கிலோ-செ.மீ. சர்வோ ஒன்று, அதன் அச்சில் 25 மி.மீ. ஆர்ம் (கை), பரப்பில் 30 மி.மீ. ஹார்ன் (கொம்பு) என வைப்போம். ஆர்ம் 60 டிகிரி திரும்பினால் பரப்பு ஏறத்தாழ 46 டிகிரி விலகும். நடுவில் கீலுக்குக் கிடைப்பது 36 கிலோ-செ.மீ.; முழு விலகலில், காற்று மிகக் கடுமையாக எதிர்க்கும் அந்த இடத்தில், ஏறத்தாழ 50. இதையே 40 மி.மீ. ஆர்ம் போட்டு, டிரான்ஸ்மிட்டரில் சர்வோ திரும்பும் அளவைக் குறைத்துச் சமாளித்தால், அதே 46 டிகிரியில் 18 அல்லது 19தான் மிஞ்சும். சர்வோவின் 60 டிகிரியில் 33 மட்டுமே பயன்படுவதால் அசைவின் நுண்மையும் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். 1980களில் கணினி டிரான்ஸ்மிட்டர்கள் வந்தபின் பலர் இந்த எளிய வழியில் இறங்கினார்கள். வசதி கைவினையை மழுங்கடித்தது என்றே சொல்வேன்.

1990களின் பிற்பகுதியில் வந்த டிஜிட்டல் சர்வோ, மோட்டாருக்கு நொடிக்குச் சுமார் 50 முறைக்குப் பதில் 300 முறை போல மின்துடிப்பு அனுப்பி, நிலையை விடாப்பிடியாகக் காத்தது. மின்சாரத்தையும் தாராளமாகக் குடித்தது. ராட்சத விமானங்களில் ஒரே பரப்பை இரண்டு, மூன்று சர்வோக்கள் அசைத்தபோது இந்த விடாப்பிடியே வினையானது: நடுவில் ஒத்துப்போகும் இரண்டு, ஓரங்களில் சற்றே வேறுபட்டால் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துச் சூடாகும். அதனால் ஒவ்வொரு நிலையிலும் அம்மீட்டர் வைத்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. நடுநிலையைச் சரிசெய்கையில், சர்வோவின் 25 பல் கொண்ட அச்சில் ஆர்மை ஒரு பல் நகர்த்தினால் 14.4 டிகிரி மாறும். முதலில் பல்லை மாற்றி முடிந்தவரை நெருங்கி, எஞ்சியதை மட்டுமே டிரான்ஸ்மிட்டரின் நடுநிலைத் திருத்தமான சப்-டிரிம்மிடம் விடுவார்கள்.