பெற்றோருக்கு ஒரு சத்திரம்

1970-களின் தொடக்கத்தில், தம் சிறு புத்திரி இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த நாட்களில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஈகிள்ஸ் அமெரிக்கப் பாணிக் கால்பந்துக் குழு வீரரான பிரெட் ஹில்லும் அவருடைய பத்தினியும், வெளியூர்த் தாய்தந்தையர் ஆஸ்பத்திரி நாற்காலிகளிலேயே உறங்கி, காசு போட்டால் தின்பண்டம் தள்ளும் யந்திரத்தின் தயவில் பசியாறுவதைப் பிரத்தியட்சமாகக் கண்டார்கள். சக வீரர்கள் நிதி திரட்டினார்கள். அத்தகைய பெற்றோர் தங்குவதற்கு ஒரு வீடு அவசியம் என்பது குழந்தைப் புற்றுநோய் வைத்தியரான ஆட்ரி எவன்ஸ் அம்மையாரின் நெடுநாள் அபிலாஷை. மக்டொனால்ட்ஸ் கடைகள் பச்சை நிற மில்க் ஷேக் விற்ற வருவாயிலிருந்து அந்த வீட்டுக்குப் பங்களித்தன. தங்கள் விளம்பரக் கோமாளியின் பெயரையே வீட்டுக்குச் சூட்டிக்கொண்டதால் அது கலப்பற்ற தர்மம் என்று சொல்வதற்கில்லை, ஆயினும் தர்மந்தான். 1974 அக்டோபர் 15-ஆம் தேதி திறக்கப்பட்ட அந்த இல்லத்தின் மாதிரியில் பின்னர் பல தேசங்களிலும் விடுதிகள் எழுந்தன.