மளிகைக் கடையின் கல்லாவில் யார்?

1892 மார்ச் 9. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள மெம்ஃபிஸ் நகரம். பொழுது விடிவதற்கு முன்பே முகமூடி அணிந்த வெள்ளையர் கும்பல் ஒன்று சிறைக்குள் நுழைந்தது. தாமஸ் மோஸ், கால்வின் மெக்டோவல், வில் ஸ்டூவர்ட் என்ற மூன்று கறுப்பினத்தவரை வெளியே இழுத்துச் சென்றது. ரயில் பாதை ஓரமாக வைத்துச் சுட்டுக் கொன்றது. அவர்கள் செய்த குற்றம் என்ன? சொந்தமாக ஒரு மளிகைக் கடை நடத்தினார்கள்.

கடையின் பெயரே ‘மக்கள் மளிகை’. 1889இல் கறுப்பின மக்கள் சிலர் பங்கு போட்டுக் கூட்டுறவாகத் தொடங்கிய கடை அது. தலைவர் தாமஸ் மோஸ் பகலில் தபால்காரர், இரவில் கடைக்காரர். நகர எல்லையை ஒட்டி, டிராம் பாதை வளைந்து திரும்பும் இடத்தில் வளர்ந்துகொண்டிருந்த புதுக் குடியிருப்புக்கு ‘வளைவு’ என்றே பெயர். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்து வாழ்ந்த பகுதி. அதுவரை அங்கே இருந்த ஒரே மளிகைக் கடை வில்லியம் பாரெட் என்ற வெள்ளையருடையது. புதுக் கடை வந்ததும் கறுப்பின வாடிக்கையாளர்கள் அங்கே போய்விட்டார்கள். பாரெட்டின் கல்லா காயத் தொடங்கியது.

அதற்குப் பிறகு சாக்குதான் தேவைப்பட்டது. கோலிக்குண்டு விளையாட்டில் ஒரு வெள்ளைச் சிறுவனுக்கும் ஒரு கறுப்புச் சிறுவனுக்கும் சண்டை வந்தது. பெரியவர்கள் தலையிட, கைகலப்பானது. கடையைத் தாக்க வெள்ளையர்கள் வரப்போகிறார்கள் என்று செய்தி பரவியதால் கடையில் காவலுக்கு ஆள் நிறுத்தினார்கள். மார்ச் 5 இரவு, சீருடை இல்லாமல் ஆயுதத்தோடு சிலர் வந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் சுட்டார்கள். வந்தவர்கள் ஷெரிப்பின் ஆட்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்று பேர் காயமடைந்தார்கள், ஒருவரும் சாகவில்லை. ஆனாலும் நகரமெங்கும் கறுப்பினத்தவர் கூட்டமாகக் கைது செய்யப்பட்டார்கள். நான்காம் நாள் கொலை நடந்தது. யாரும் தண்டிக்கப்படவில்லை. ‘மக்கள் மளிகை’யின் சரக்கு முழுவதையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டவர் யார் தெரியுமா? அதே பாரெட்தான்.

மோஸின் நெருங்கிய தோழி ஐடா பி. வெல்ஸ். அடிமையாகப் பிறந்து, ஆசிரியையாகி, ‘ஃப்ரீ ஸ்பீச்’ என்ற பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தவர். பாலியல் குற்றம் செய்தவர்களைத்தான் கும்பல் கொல்கிறது என்று வெள்ளையர் பத்திரிகைகள் சொல்லிவந்ததை, இந்தக் கொலை நடக்கும் வரை தானும் ஓரளவு நம்பியிருந்ததாக அவர் பின்னாளில் எழுதினார். மோஸ் எந்தப் பெண்ணையும் தொடவில்லை. அவர் தொட்டது வெள்ளையரின் வியாபாரத்தை. சொத்து சேர்க்கத் தொடங்கும் கறுப்பினத்தவரை அடக்கி வைக்கும் ஆயுதமே கும்பல் கொலை என்பதை வெல்ஸ் அங்கேதான் கண்டுகொண்டார். தங்களுக்குப் பாதுகாப்பு இல்லாத ஊரை விட்டு வெளியேறுங்கள் என்று எழுதினார். ஆயிரக்கணக்கானோர் மேற்கு நோக்கிப் போனார்கள். இருந்தவர்கள் டிராம் ஏறுவதை நிறுத்தினார்கள். டிராம் கம்பெனி அதிகாரிகள் வெல்ஸின் அலுவலகத்துக்கே வந்து, உங்கள் மக்களைத் திரும்ப ஏறச் சொல்லுங்கள் என்று கேட்கும் நிலை வந்தது. அதே ஆண்டு மே மாதம், அவர் ஊரில் இல்லாத நேரத்தில் பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். அவர் மெம்ஃபிஸுக்குத் திரும்பி வாழ முடியவில்லை. ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை.

கடை வைத்தால் கொலை. சரி, கடையில் வேலை கேட்டால்?

1936 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் ‘சானிட்டரி குரோசரி’ என்ற நிறுவனம் பதினொன்றாம் தெருவில் புதுக் கடை திறந்தது. நகரில் 250க்கும் மேற்பட்ட கடைகள் வைத்திருந்த பெரிய நிறுவனம் அது. கடையைச் சுற்றி வாழ்ந்தவர்கள் கறுப்பின மக்கள். அவர்கள் காசு கல்லாவுக்கு வேண்டும், கல்லாவில் மட்டும் அவர்கள் உட்காரக் கூடாது. ‘நியூ நீக்ரோ அலையன்ஸ்’ என்ற அமைப்பு, வேலை தரும் இடத்தில் மட்டும் வாங்குங்கள் என்று பதாகை எழுதி, கடை வாசலில் ஆள் நிறுத்தியது. நிறுவனம் நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கியது. நிறுவனத்துக்கும் அதன் தொழிலாளருக்கும் இடையே சச்சரவு இல்லை, எனவே இது தொழில் தகராறே அல்ல என்று கீழ் நீதிமன்றங்கள் சொன்னன. 1938 மார்ச் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இனத்தைக் காட்டி வேலை மறுப்பதை எதிர்ப்பதும் தொழில் தகராறுதான், அமைதியாக மறியல் செய்வோரைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒரு மளிகைக் கடை வாசலில் பதாகை பிடித்து நின்றவர்கள் நாடு முழுவதற்கும் பெற்றுத் தந்த உரிமை இது.

அண்ணல் அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. 1930இல் பம்பாய் மாகாண அரசுக்கு ஸ்டார்ட் குழு கொடுத்த அறிக்கையில் அண்ணலும் ஒரு உறுப்பினர். தீண்டப்படாதோர் உரிமை கேட்டால் ஆதிக்கச் சாதிகள் எடுக்கும் ஆயுதங்களில் ஒன்றாக, ஊர்க் கடைக்காரர் அவர்களுக்குப் பொருள் விற்க மறுப்பதையும் அந்த அறிக்கை பதிவு செய்கிறது. சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்க வேண்டும் என்று அண்ணல் வட்டமேசை மாநாட்டுக் காலத்திலேயே கேட்டார். பொருளாதாரப் புறக்கணிப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்ந்தது 2015 திருத்தத்தில்தான். 2022இல் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த கடைக்காரரை நாடே காணொளியில் பார்த்தது. புறக்கணிப்பு இரண்டு வகை. மெம்ஃபிஸ் மக்கள் டிராம் ஏறாமல் இருந்தது இல்லாதவர்களின் போராட்டம். பாஞ்சாகுளத்தில் நடந்தது இருப்பவர்களின் தண்டனை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இனி இன்றைக்கு வருவோம். 2000ஆம் ஆண்டின் இறுதியில் அதே வாஷிங்டனில், லோகன் சர்க்கிள் பகுதியின் பி தெருவில் ‘ஹோல் ஃபுட்ஸ்’ நிறுவனத்தின் பெரிய கடை வந்தது. அந்தப் பகுதி மாறியதற்குத் திருப்புமுனையாக நகரத்தார் இன்றும் சுட்டுவது அந்தக் கடையைத்தான். புதுக் கடை வந்தால் வசதியானவர்கள் வருவார்கள், வீட்டு விலை ஏறும், வாடகை ஏறும். 1970இல் அந்த நகர மக்களில் 71 விழுக்காடு கறுப்பினத்தவர். 2020இல் ஏறக்குறைய 41. ஒரு கடை மட்டும் இதைச் செய்யவில்லை. ஆனால் யார் வரப்போகிறார்கள் என்பதை முதலில் அறிவித்த பலகை கடையின் பெயர்ப்பலகைதான்.

சிகாகோவின் எங்கிள்வுட் இதன் மறுபக்கம். ஏழைக் கறுப்பின மக்கள் வாழும் அந்தப் பகுதியில் 2016 செப்டம்பரில் அதே நிறுவனம் கடை திறந்தது. மனையைத் தயார் செய்ய மாநகராட்சி ஒரு கோடி டாலருக்கு மேல் மக்கள் பணத்தைக் கொடுத்தது. ஆறே ஆண்டில், 2022 நவம்பரில், கடையை மூடிவிட்டுப் போனார்கள். வசதியானவர்கள் வந்த இடத்தில் கடை நிலைத்தது. அவர்கள் வராத இடத்தில் கடை கிளம்பிவிட்டது.

நல்ல காய்கறி ஏழைகளுக்கு வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். வாடிய கீரையைக் கூடுதல் விலைக்கு வாங்கும் விதி யாருக்கும் எழுதி வைக்கப்படவில்லை. நம் கேள்வி தக்காளியைப் பற்றியது அல்ல. அந்தத் தக்காளியை வாங்க, பழைய குடிகள் அந்தத் தெருவிலேயே இருப்பார்களா என்பதுதான். அரசு மனையும் மானியமும் கொடுத்து ஒரு கடையை வரவழைக்கும்போது, அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு இத்தனை வேலை, இத்தனை ஆண்டு கடையை மூடக் கூடாது, வாடகைக்கு இந்த உச்சவரம்பு என்று எழுதி வாங்கிய பிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும். எழுதி வாங்காத வாக்குறுதிக்கு என்ன மதிப்பு என்பதை எங்கிள்வுட் மக்கள் கண்டுவிட்டார்கள்.

கூட்டுறவாகக் கடை வைக்கும் வழியையும் நாம் மறந்துவிடக் கூடாது. தாமஸ் மோஸும் அவருடைய தோழர்களும் யாருடைய மானியத்துக்கும் காத்திருக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தங்கள் தெருவில் தாங்களே கடை திறந்தார்கள். மூன்றே ஆண்டில் அது பாரெட்டைப் பயமுறுத்தும் அளவுக்கு வளர்ந்திருந்தது.